மறு: கிரேஸ் பீரியட் – கருணைக் காலமா, பொறுதிக் காலமா?

குழுவினருக்கு வணக்கம். நாம் தமிழாக்கும் காப்பீட்டுச் செயலியில் 'கிரேஸ் பீரியட்' என்று வருகிறது. கெடு தேதி தாண்டிய பிறகும் பிரீமியம் கட்ட விடும் நாள்கள் அவை. அதற்கு என்ன தமிழ் என்பதுதான் கேள்வி.

> கருணைக் காலம் என்றே போட்டுவிடலாம். கருணை மதிப்பெண் என்று பத்திரிகைகளில் பழகிவிட்டதே.

பழகிவிட்டது உண்மைதான். 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பு பிழை என்று சொல்லி, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. (உச்ச நீதிமன்றம் பிறகு அதை ரத்து செய்தது.) அதையும் கருணை மதிப்பெண் என்றே எழுதினார்கள். தப்பு கேள்வித்தாளில், கருணை மாணவர் மேலா? அன்று உறுத்தியது இன்றும் உறுத்துகிறது.

நம் செயலிக்கு வருவோம். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள், மாதப் பிரீமியத்துக்கு 15 நாள் கிரேஸ். அந்த நாள்களுக்குள் பாலிசிதாரர் இறந்துவிட்டால், நிலுவைப் பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையைக் குடும்பத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தப்படி வரும் உரிமை அது. திரையில் 'கருணை' என்று கண்டால், வீட்டில் துக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண் கெஞ்சிக் கேட்க வேண்டிய பணம் என்றல்லவா நினைப்பார்?

கிரேஸ் சமயச் சொல் என்பதையும் மறக்கக் கூடாது. கிரேக்கத்தில் காரிஸ், லத்தீனில் கிராத்தியா. தகுதி பார்க்காமல், கடன் என்றில்லாமல், கொடுப்பவர் தாமாகக் கொடுப்பது. பைபிளில், பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் 4ஆம் அதிகாரத்தில், உழைத்தவனுக்கு வரும் கூலியைக் கிருபை என்று எண்ணமாட்டார்கள், கடன் என்றே எண்ணுவார்கள் என்கிறார். பிரீமியம் கட்டிப் பெற்ற பாதுகாப்பு இதில் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கத்தோலிக்கர் பிரியதத்தம் என்றார்கள், இஷ்டப்பிரசாதம் என்றார்கள். சீர்திருத்தச் சபையார் கிருபையைப் பிடித்துக்கொண்டார்கள். 1995இல் வந்த பைபிளின் பொது மொழிபெயர்ப்பு, சைவருக்கும் உரிய 'அருள்' என்ற சொல்லைக் கையாண்டது. சிறுவயதில் எங்கள் வீட்டு ஜெபமாலையில் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று ஒரே மூச்சில் ஒப்பிப்போம். பிரியதத்தம் யாரோ ஒரு பெரியவரின் பெயர் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். புழக்கத்தில் வென்றது கிருபைதான். கல்யாணப் பத்திரிகையில் 'தேவ கிருபையால்', வேனின் பின்கண்ணாடியில் 'கிருபை', கடைப்பலகையில் 'கிருபா ஸ்டோர்ஸ்'.

கருணைக்காக வாதாடும் நண்பருக்கு ஒரு சான்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன். தேவாலயப் பூசையில் அப்பமும் இரசமும் பகிரும் சடங்கைக் குறிக்கும் யூகரிஸ்து என்ற கிரேக்கச் சொல்லில் 'யூ' நல்ல, அடுத்தது காரிஸ். தமிழில் நற்கருணை! சொல்லுக்குச் சொல் அச்சாகப் பொருந்துகிறது. மூலத்தில் அது நன்றி கூறுதலைக் குறித்தது என்றாலும், இப்படி ஒரு வார்ப்பு எளிதில் அமையாது. ஆனால் அது பீடத்தில் இருக்கட்டும், பிரீமிய ரசீதில் வேண்டாம்.

> தவணைக் காலம்?

அழகான சொல். 'ஒரு வாரம் தவணை கொடுங்கள்' என்று கடன் கொடுத்தவரிடம் கேட்பதும் இதே பொருளில்தான். ஆனால் இன்று தவணை என்றால் மாதாமாதம் கட்டும் பணம். கட்ட வேண்டிய தொகைக்கும் கட்டாமல் இருக்கக்கூடிய நாளுக்கும் ஒரே பெயர் வைத்தால் செயலி சிரிக்கும்.

என் முன்மொழிவு, பொறுதிக் காலம். பொறுதி பழைய சொல். பொறுமை, மன்னிப்பு என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. பழைய கத்தோலிக்க ஜெபத்தில் 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்று வரும். அலுவலக விண்ணப்பத்தில் 'தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளவும்' என்று எழுதுகிறோம். தாமதம் நடந்திருக்கிறது, அதற்காகத் தண்டனை இல்லை என்ற இரண்டையும் இந்த வேர் சொல்லிவிடுகிறது. கொடுப்பவர் உயரத்தில் நிற்கும் தோரணையும் இதில் இல்லை.

சர்வர் பிரிவினர் கேட்ட 'கிரேஸ்ஃபுல் ஷட்டவுன்' வேறு சங்கதி. அங்கே கிரேஸுக்கு நளினம், பாங்கு என்ற பொருள். இரவு ஒன்பதரைக்கு மளிகைக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குவார். புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. உள்ளே நிற்பவருக்குப் பருப்பை நிறுத்துக் கொடுத்து, கல்லாவை எண்ணிவிட்டுத்தான் முழுக்க இறக்குவார். சர்வர் செய்வதும் அதுதான். 'பாங்காக நிறுத்தல்' எனலாம். அந்தப் பாதி ஷட்டர் நேரத்துக்கு, சர்வர்களில் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் மென்பொருள் தானாகக் கொடுப்பது 30 விநாடி. அதற்கு அங்கேயும் கிரேஸ் பீரியட் என்றுதான் பெயர். ஆகவே பொறுதிக் காலம் இரண்டு இடத்திலும் செல்லும்.

செவ்வாய்க்குள் மறுப்பு வராவிட்டால் கோப்பில் ஏற்றிவிடுவேன். பிந்தி வரும் மடல்களுக்கு இரண்டு நாள் பொறுதி உண்டு.