குட்டித் துப்பறிவாளர் கதைகள் தேடுகிறேன், உதவுங்கள்

வணக்கம். தங்கச்சிமடத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கதை வாசித்துக் காட்டுகிறேன். 8 முதல் 11 வயது. இப்போது துப்பறியும் கதைதான் வேண்டுமாம். அதுவும் தங்கள் வயதுப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். கொலை, ரத்தம் வேண்டாம். நாலைந்து பக்கம் போதும். துப்பு கதைக்குள்ளேயே ஒளிந்திருக்க வேண்டும், விடை கடைசிப் பக்கத்தில்.

தேடிக் கிடைக்காமல் போன வாரம் நானே ஒன்று எழுதினேன். மே மாதம், கரையில் காயப்போட்ட வலையைக் காணவில்லை. சந்தேகப்பட்ட ஆள், "நேற்று ராத்திரி முழுக்க விசைப்படகில் மீன்பிடித்துக்கொண்டிருந்தேன்" என்கிறான். அடுத்த வரிக்குப் போவதற்குள் பின்னால் இருந்த ஒரு சின்னப் பெண் எழுந்துவிட்டாள்.

"பொய் சொல்றான் அக்கா! ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். சின்ன வள்ளம்தானே கடலுக்குப் போகும்?"

விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத அந்த 61 நாளும் அவள் அப்பா வீட்டில்தான் இருப்பார். அவளுக்குத் தெரியாதா? அதுவரை அவள் வாய் திறந்து பேசியதே இல்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த மாதிரிக் கதைகள் தமிழில் இருந்தால் பெயர் சொல்லுங்கள். பழைய சிறுவர் இதழ்களில் வந்ததாக இருந்தாலும் சரி, பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் போதும். அப்புறம், மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் கடல் தொழில் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கச்சான் காற்று, வாடைக் காற்று, கடல்பாசி எடுப்பது, கருவாடு காயவைப்பது, இவற்றில் வெளியாள் சொன்னால் உடனே பொய் என்று தெரிந்துவிடுகிற விஷயம் என்ன? ஒரு வரி எழுதுங்கள், கதையாக்குவது என் வேலை. சனிக்கிழமை அடுத்த கதை வேண்டும் என்று இப்போதே கேட்கிறார்கள்.