பிஎஸ்2: மூன்று எட்டு எம்பி கார்டும் நிரம்பிவிட்டன, அண்ணனுடைய சேவ்களை எப்படிப் பிரித்து வைப்பது?

முத்துநகர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2008-இல் வாங்கிய பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) ஸ்லிம் கேம் கன்சோல் இருக்கிறது, 77000 வரிசை மாடல். அண்ணன் தன் முதல் சம்பளத்தில் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, தூத்துக்குடி வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தான். இப்போது மஸ்கட்டில் வேலை. பொங்கலுக்கு இருபது நாள் லீவில் வருகிறான். போன வாரம் போனில் அவன் முதலில் கேட்டதே, "நம்ம டீம் இன்னும் இருக்கா?" என்றுதான்.

அந்த டீம் ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 6 என்ற கால்பந்து விளையாட்டில் அவனும் தெருப் பையன்களும் சேர்ந்து உருவாக்கியது. ஒரு கிளப்பின் பெயரை மாற்றி எங்கள் தெருப் பெயரை வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு ஆட்டக்காரர்களுக்கும் பக்கத்து வீட்டுப் பெயர்கள். கோல்கீப்பருக்கு ஐஸ் வண்டிக்காரர் பெயர்.

இப்போது என் சிக்கல். ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடரச் சேமிக்கும் சேவ்களை வைக்க, சோனியின் 8 எம்பி மெமரி கார்டுகள் மூன்று இருக்கின்றன. இரண்டு எங்களுடையவை, ஒன்று சித்தி மகன் விட்டுப்போனது. மூன்றும் நிரம்பிவிட்டன. நான் ஒகாமி என்ற கதை விளையாட்டை ஆரம்பித்திருக்கிறேன், அதைச் சேவ் செய்யக்கூட இடமில்லை. நான்காவதாகக் கம்பெனி பெயர் இல்லாத ஒரு 64 எம்பி கார்டு உண்டு. அது சில நேரம் ஒழுங்காகத் தெரிகிறது, சில நேரம் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கிறது.

நோட்டில் எழுதிப் பார்த்ததில்: முதல் கார்டில் சாக்கர் ஆப்ஷன் ஃபைல் (டீமில் செய்த மாற்றங்கள் இருப்பது), மாஸ்டர் லீக் (ஒரு கிளப்பைத் தொடர்ந்து நடத்தும் ஆட்டம்) இரண்டு, ரீப்ளே (கோல் காட்சிகள்) ஏழு. இரண்டாவதில் ஸ்மாக்டவுன் மல்யுத்தம், சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டு, இன்னும் பல. சான் ஆண்ட்ரியாஸ் ஐகான் ஒரே மாதிரி பல இருக்கின்றன, சிலவற்றைத்தான் எங்கள் டிஸ்க் எடுத்துக்கொள்கிறது. மூன்றாவதிலும் ஒரு சாக்கர் ஆப்ஷன் ஃபைல். எது புதியது என்று தேதியை வைத்துச் சொல்ல முடியவில்லை, எல்லாத் தேதியும் தப்புத்தப்பாக இருக்கின்றன.

எனக்கு ஒரு 2 எம்பி இடம் கிடைத்தால் போதும். 128 எம்பி என்று விற்கிறார்களே, அதில் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் போட்டுவிடலாமா? அண்ணன் வருவதற்குள் எதையும் தொலைத்துவிடக் கூடாது என்பதுதான் பயம்.

திருப்பூர்_செல்வன்

அந்த 64 எம்பி கார்டு ஃபார்மட் கேட்டால் எந்தக் காரணத்துக்காகவும் 'சரி' கொடுக்காதீர்கள். கன்சோலை அணைத்து, கார்டைக் கழற்றி, முனையில் இருக்கும் தகடுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்ததும் மாட்டிப் பாருங்கள். தெரிந்த உடனே வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பழையடிஸ்க்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 2006-இலிருந்து ஏழு வருஷம் ஈரோட்டில் நான்கு டிவி வைத்து பிஎஸ்2 கடை நடத்தியவன் நான். மணிக்கு இருபது ரூபாய். பையன்கள் அவரவர் கார்டைப் பென்சில் டப்பாவில் போட்டு, மேலே பெயர் ஒட்டி எடுத்து வருவார்கள். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

128 எம்பி வாங்காதீர்கள். சோனி பிஎஸ்2-க்கு விற்றது 8 எம்பி கார்டு மட்டும்தான். பெரிய அளவில் வருபவை எல்லாம் வேறு ஆட்கள் செய்தவை. சில நன்றாக ஓடும், சில பாதியில் கெடும், சில விளையாட்டுகள் அவற்றைக் கண்டுகொள்ளவே செய்யாது. என் கடையில் ஒரு 64 எம்பி கார்டில் எட்டுப் பையன்களின் சேவ்களைச் சேர்த்து வைத்தேன். ஒரு சாயங்காலம் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அப்போது தினமும் போகும், உங்களுக்கே தெரியும். திரும்ப வந்தபோது அந்த ஒரு சேவ் மட்டுமல்ல, எட்டுப் பேருடையதும் இல்லை. அதில் ஒருவன் ஏழாம் வகுப்புப் பையன், மூன்று மாதமாக ஆடிய மாஸ்டர் லீக். அவன் ஒன்றும் சொல்லவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஒரே கார்டில் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

இனி உங்கள் கார்டுகளுக்கு வருவோம். விளையாட்டு வாரியாகப் பிரிக்காதீர்கள். திரும்ப ஆடிச் சம்பாதிக்க முடிந்தது எது, முடியாதது எது என்று பிரியுங்கள். ஒகாமியை நீங்கள் மறுபடி முதலிலிருந்து ஆடலாம். ஐஸ் வண்டிக்காரர் பெயரை 2008-இல் உட்கார்ந்து தட்டிய அந்தப் பையன்களைத் திரும்ப உட்கார வைக்க முடியாது. சாக்கரில் பெயர், ஜெர்ஸி, எடிட் செய்த முகம் எல்லாம் ஆப்ஷன் ஃபைலில் இருக்கின்றன, மாஸ்டர் லீக் தனி, ரீப்ளே தனி. ஆகவே ஆப்ஷன் ஃபைல், ஸ்மாக்டவுனில் உருவாக்கிய ஆட்கள் இரண்டும் ஒரு சோனி கார்டில். அந்தக் கார்டு பீரோவில். அண்ணன் வரும்போது மட்டும் வெளியே வரட்டும். இன்னொரு கார்டு தினசரி ஆடுவதற்கு. மூன்றாவது, முடித்துவிட்ட கதை விளையாட்டுகளுக்கு.

இடம் எங்கே போகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 8 எம்பி என்றால் கையில் ஏறத்தாழ 8000 கேபி. கதை விளையாட்டுகளின் சேவ் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் அடங்கும். ஆப்ஷன் ஃபைல், ஆட்களை உருவாக்கும் மல்யுத்தம் போன்றவை ஒவ்வொன்றும் ஒரு எம்பியைத் தாண்டும். அப்புறம் ரீப்ளே. கோல் அடித்த சந்தோஷத்தில் சேமிப்போம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏழையும் ஒருமுறை ஓடவிட்டு, டிவியை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு, பிறகு அழியுங்கள். உங்களுக்கு வேண்டிய இடத்தில் பெரும் பகுதி அங்கேயே கிடைக்கும்.

சான் ஆண்ட்ரியாஸ் விஷயம் எங்கள் கடையிலும் நடந்தது. அமெரிக்க டிஸ்க்கும் ஐரோப்பிய டிஸ்க்கும் ஒரே விளையாட்டாக இருந்தாலும் கார்டுக்கு அவை இரண்டு வேறு விளையாட்டுகள். அமெரிக்க சேவின் ஃபோல்டர் பெயர் பிஏஎஸ்எல்யூஎஸ் என்று தொடங்கும், ஐரோப்பியச் சேவ் பிஇஎஸ்எல்இஎஸ் என்று தொடங்கும். ஒன்றை மற்றது படிக்காது. கன்சோலின் பிரௌசரில் ஐகான் ஒன்றாகவே தெரிவதால் குழம்பிப்போகிறீர்கள். உங்களிடம் இருக்கும் டிஸ்க் எடுக்காத சேவ்கள் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கின்றன, ஆனால் காப்பி எடுக்காமல் அழிக்க வேண்டாம்.

தேதி தப்பாக இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனது. சேவ்களுக்கு ஆபத்தில்லை, கார்டு ஃப்ளாஷ் மெமரி, அதற்குப் பேட்டரி தேவையே இல்லை. கடிகாரம்தான் போய்விட்டது. ஆகவே எந்த ஆப்ஷன் ஃபைல் புதியது என்று தேதியைக் கேட்காதீர்கள், ஒவ்வொன்றையும் ஏற்றி டீமைப் பாருங்கள். இன்னொன்று, ஒரே பெயருள்ள இரண்டு சேவ் ஒரு கார்டில் இருக்க முடியாது. இரண்டு ஆப்ஷன் ஃபைலையும் ஒரே கார்டுக்குக் கொண்டுவரப் பார்த்தால் ஒன்றை அழித்தால்தான் மற்றது உள்ளே போகும். அதைச் செய்யும் முன்பே நிறுத்திவிடுங்கள்.

முத்துநகர்வாசி

ரொம்ப நன்றி அண்ணா. காப்பி எடுப்பதற்கு எனக்கு இன்னொரு கார்டு கூட இல்லையே, எங்கே எடுப்பது? பென்டிரைவ் போட முடியுமா?

பழையடிஸ்க்

முடியும். யூலாஞ்ச்எல்ஃப் என்று ஒரு ஃபைல் மேனேஜர் இருக்கிறது. உங்கள் 77000 மாடலில் அதைத் திறக்க கன்சோலைப் பிரிக்க வேண்டியதில்லை. 2020-இல் வந்த ஃப்ரீடிவிடிபூட் என்ற முறையில் ஒரு டிவிடி-ஆர் எழுதிப் போட்டால், கன்சோலின் டிவிடி பிளேயர் வழியாகவே அது திறந்துவிடும். பழைய 4 ஜிபி பென்டிரைவ் ஒன்றை ஃபேட்32 என்ற வடிவத்தில் ஃபார்மட் செய்து, அதில் கார்டு1, கார்டு2, கார்டு3 என்று மூன்று ஃபோல்டர் போட்டு வையுங்கள்.

உள்ளே போனதும் எம்சி0 என்பது முதல் ஸ்லாட், எம்சி1 இரண்டாவது, மாஸ் என்பது பென்டிரைவ். சேவ் ஃபோல்டரில் நின்று ஆர்1 அழுத்தினால் மெனு வரும், காப்பி கொடுங்கள். மாஸில் அந்தந்த ஃபோல்டருக்குள் போய் மறுபடி ஆர்1, பிஎஸ்யூபேஸ்ட். சாதாரண பேஸ்ட் வேண்டாம். பிஎஸ்யூபேஸ்ட் கொடுத்தால் சேவ் முழுவதும் அதன் விவரங்களோடு ஒரே ஃபைலாக வரும், திருப்பிப் போடும்போது தொந்தரவு இல்லை. மூன்று ஃபோல்டர் போடச் சொன்னது இதற்காகத்தான், ஒரே பெயருள்ள இரண்டு ஆப்ஷன் ஃபைலும் மோதாமல் தனித்தனியாக இருக்கும். பிஎஸ்2-வின் யூஎஸ்பி மெதுவானது, ஆனால் மூன்று கார்டும் சேர்ந்தே 24 எம்பிதான். அப்புறம் அந்த பென்டிரைவில் இருப்பதை உங்கள் கம்ப்யூட்டரிலும் போட்டு, அண்ணனுக்கு மெயிலிலும் அனுப்பிவிடுங்கள்.

சிங்கை_ரவி

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, ஒரு வழி மட்டும் சேர்க்கிறேன். மெம்கார்டு புரோ2, எஸ்டி2பிஎஸ்எக்ஸ் போன்ற கார்டுகள் இப்போது வருகின்றன. உள்ளே மைக்ரோ எஸ்டி போட்டால் அதில் எத்தனை மெய்நிகர் கார்டுகள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், விளையாட்டுக்கு ஒன்று என்றுகூட. நான் அப்படித்தான் ஆடுகிறேன். இடப் பிரச்சினை அடியோடு போய்விட்டது. விலை அதிகம், அதனால் உங்கள் 2 எம்பிக்கு இது தேவையில்லை.

உங்களிடம் பிஎஸ்1 (முதல் பிளேஸ்டேஷன்) டிஸ்க் இருந்தால் ஒரு விஷயம். பிஎஸ்1 கார்டு 128 கேபிதான், பதினைந்து பிளாக். அதன் சேவ்களை பிஎஸ்2 கார்டில் ஒதுக்கி வைக்கலாம், முழுக் கார்டும் 120 கேபிக்குள் முடிந்துவிடும். ஆனால் ஆடும்போது பிஎஸ்1 கார்டுக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும், பிஎஸ்1 விளையாட்டு பிஎஸ்2 கார்டைப் படிக்காது.

முத்துநகர்வாசி

நேற்று ராத்திரி உட்கார்ந்து முடித்துவிட்டேன். டிவிடி முதல் முறை சரியாக எழுதப்படவில்லை, இரண்டாவது டிஸ்க்கில் திறந்தது. மூன்று கார்டும் பென்டிரைவுக்குப் போய்விட்டன. 64 எம்பி கார்டைத் துடைத்தபின் ஒரே ஒரு முறை தெரிந்தது, அந்த நேரத்திலேயே அதிலிருந்த ஐந்தையும் எடுத்துவிட்டேன். பிறகு மாட்டினால் மறுபடி ஃபார்மட் கேட்கிறது. அதை இனி தொடப்போவதில்லை.

இரண்டு ஆப்ஷன் ஃபைலையும் ஏற்றிப் பார்த்தேன். எங்கள் கார்டில் கோல்கீப்பர் ஐஸ் வண்டிக்காரர். சித்தி மகன் கார்டில் அதே டீம்தான், ஆனால் பதினொன்றாம் எண் ஜெர்ஸியில் என் பெயர். எனக்கு அப்போது எட்டு வயது, என்னைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள் என்று அழுதது நினைவிருக்கிறது. எப்போது சேர்த்தார்கள் என்று தெரியவில்லை. பழையடிஸ்க் அண்ணா, தேதியை நம்பி ஒன்றை அழித்திருந்தால் இது போயிருக்கும்.

ரீப்ளே ஏழையும் வீடியோ எடுத்துவிட்டு அழித்தேன். எங்கள் டிஸ்க் எடுக்காத சான் ஆண்ட்ரியாஸ் சேவ்களும் பென்டிரைவில் மட்டும். முதல் கார்டில் ஒகாமிக்கு வேண்டியதைவிட அதிகமாகவே இடம் இருக்கிறது. சித்தி மகன் கார்டுதான் பீரோவுக்குப் போகிறது, மேலே மார்க்கரால் "டீம்" என்று எழுதியிருக்கிறேன்.

பழையடிஸ்க்

பதினொன்று நல்ல எண், தங்கச்சி. பீரோவில் பாச்சை உருண்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சில பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். டப்பாவில் போட்டு வையுங்கள். பொங்கலுக்கு முன்னால் அந்த சிஆர்2032-ஐயும் மாற்றிவிட்டால், அண்ணன் ஆடும் ஆட்டத்துக்குச் சரியான தேதி விழும்.