பேஸ்மேக்கர் வைத்தவர் இண்டக்‌ஷன் அடுப்பில் சமைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்குச் சமீபத்தில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் கருவி) வைத்தார்கள். வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. அதன் சுருளில் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம்தான் பாத்திரத்தைச் சூடாக்குகிறது. பேஸ்மேக்கரோ இதயத்தின் மெல்லிய மின்துடிப்பைக் கவனித்து வேலை செய்வது. வெளியிலிருந்து வரும் புலத்தை அது இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டால், தேவையான நேரத்தில் தூண்டல் கொடுக்காமல் விட்டுவிடலாம். என் பயமெல்லாம் அதுதான்.

செல்போனை 15 செ.மீ. தள்ளி வைப்பது சுலபம், பழகிவிட்டார். அடுப்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு தள்ளி நின்று எப்படிக் கிளறுவது? தூரம் கூடக்கூடப் புலம் வேகமாகக் குறையும், பாத்திரம் சுருளை முழுதாக மூடினால் கசிவும் குறையும் என்று தெரியும். ஆனாலும் அம்மா குனிந்து சமைப்பவர்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது சமைக்கிறார்களா? பரிசோதனையின்போது கருவியில் குறுக்கீடு ஏதும் பதிவாகியிருந்ததா? அடுத்த முறை டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? அப்புறம், கதிர்வீச்சு என்று பொதுவாகப் பயமுறுத்தும் வீடியோக்கள் வேண்டாம். சமையலை விட்டுவிடச் சொன்னால் அம்மா உடைந்துபோவார், அதனால்தான் கேட்கிறேன்.