பொருள்: ‘வீனிங்’ தமிழில்? வெள்ளிக்குள் வேண்டும்

பேராசிரியர்:
நண்பர்களே, இதய மயக்கவியல் மேற்படிப்பு மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல்லில் நிற்கிறது. அறுவை முடிந்ததும் உடலைச் சூடேற்றி, வென்டிலேட்டரை மறுபடி ஓடவிட்டு, இதயத்துடிப்பின் சீரையும் பொட்டாசியம், கால்சியம் அளவையும் பார்த்து, உணவுக்குழாய் வழி எக்கோவில் இதய அறைகளில் காற்று மிச்சமில்லை என்று உறுதிசெய்து, அப்புறம்தான், அதுவரை இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டிய இதய நுரையீரல் இயந்திரத்தின் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைப்போம். இதுதான் வீனிங். ‘விலக்கல்’ என்றால் சட்டெனப் பிடுங்குவது போல இருக்கிறது.

தமிழாசிரியர்:
அம்மா, பால்மறத்தல் இருக்கிறதே! ஆனால் மறத்தல் தன்வினை, மறக்கடித்தல் பிறவினை. இதயம் தானே ஏற்கிறதா, நீங்கள் விடுவிக்கிறீர்களா? அதைப் பொறுத்துத்தான் சொல்.

மொழிபெயர்ப்பாளர்:
பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்கு அடிப்படைப் பொருள் ‘பழக்குதல்’ ஐயா. ஜெர்மனிலும் பழக்குதல், பழக்கம் விடுவித்தல் இரண்டுக்கும் அதே வேர். ஆகவே ‘தற்பழக்கம்’ என்கிறேன்.

பம்பு இயக்குநர்:
தற்பழக்கம் என்றால் எங்களில் ஒருவருக்கும் புரியாது. தியேட்டரில் சொல் காதில் விழுந்ததும் கை பம்புக்குப் போக வேண்டும். வீனிங் என்றே எழுதுங்கள்.

பேராசிரியர்:
பால்மறத்தலில் எனக்குத் தடை ஒன்றுதான். இது திரும்பி வரக்கூடிய வழி. அழுத்தம் விழுந்து இதயம் உப்பினால் மறுபடி இயந்திரத்துக்கே போவோம், அது தோல்வி அல்ல, சரியான முடிவு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் மருந்தைக்கூட இயந்திரத்தை நிறுத்தி, இதயம் நிலைத்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கொடுக்கிறோம். மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்: குறைக்கத் தொடங்கிவிட்டால் முடித்தே ஆக வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். குறைத்ததைக் கூட்டவும் முடியும் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். ‘துணைகுறைப்பு’ எப்படி? வென்டிலேட்டருக்கும் பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர்:
துணைக்குறைப்பு அல்லவா? ‘விலைக்குறைப்பு’ என்றுதானே எழுதுகிறோம்?

தமிழாசிரியர்:
துணையைக் குறைத்தல், இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லெழுத்து மிகாது. கதைசொல்லி, கதைச்சொல்லி ஆகுமா? விலைக்குறைப்பும் பிழைதான்.

மொழிபெயர்ப்பாளர்:
எல்லாரும் எழுதுவது எப்படி ஐயா பிழையாகும்? அதை ‘விலையில் செய்யும் குறைப்பு’ என்று விரித்து, உருபும் பயனும் உடன்தொக்கது என்று கொள்ளலாமே, அப்போது க் மிகுமே.

பம்பு இயக்குநர்:
க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. அடைப்புக்குறிக்குள் வீனிங் இருந்தால் எனக்குச் சம்மதம்.

பேராசிரியர்:
சரி, ‘துணைகுறைப்பு (வீனிங்)’ என்று அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள். ஆனால் காய்ச்சல் வந்தால் பால்மறந்த குழந்தையும் திரும்பப் பால் கேட்கும் அம்மா. உங்கள் தடை நிற்காது, அடுத்த பதிப்பில் மறுபடி எழுப்புவேன்.