டெக்சாஸிலிருந்து நியூஹாம்ப்ஷயருக்குக் குடிபெயர்கிறோம்: கைத்துப்பாக்கியை எப்படிக் கொண்டுபோவது?

பிளேனோ வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் பிளேனோவிலிருந்து நியூஹாம்ப்ஷயரின் நாஷுவாவுக்குக் குடிபோகிறோம். மனைவிக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. சாமான்களை ஏற்றிச்செல்லும் நிறுவனம் துப்பாக்கி, தோட்டா இரண்டையும் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. என்னிடம் ஒரு க்ளாக் 19 கைத்துப்பாக்கி இருக்கிறது. 2019இல் குடியுரிமை கிடைத்த பிறகு, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் ஆட்கள் புகுந்ததைப் பார்த்துவிட்டு வாங்கியது. கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்ல டெக்சாஸ் தரும் எல்டிசி உரிம அட்டையும் உண்டு.

வழி இப்படித் திட்டமிட்டிருக்கிறேன்: டாலஸிலிருந்து ஐ-30, லிட்டில் ராக்கில் ஐ-40, டென்னசியைக் கடந்து ஐ-81, ஸ்க்ரான்டனில் ஐ-84. வண்டி ஹோண்டா ஒடிசி மினிவேன். மனைவியும் பிள்ளைகளும் விமானத்தில் வருகிறார்கள். வண்டியை நானும் மனைவியின் தம்பியும் மாறி மாறி ஓட்டுவதாக ஏற்பாடு. அவர் ஹெச்-1பி விசாவில் டாலஸில் வேலை பார்க்கிறார்.

பூட்டி வைத்தால் எந்த மாநிலத்தையும் கடக்கலாம், கூட்டாட்சிச் சட்டமே பாதுகாக்கிறது என்று துப்பாக்கி விற்ற கடைக்காரர் சொல்கிறார். அந்தப் பேச்சை நம்பி நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மூன்றையும் கடக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மெரிமாக் கரை எழுதியது:

வணக்கம் தம்பி. 2018இல் அட்லாண்டாவிலிருந்து இதே நாஷுவாவுக்கு, இதே ஐ-81, ஐ-84 வழியாக, சியன்னா வண்டியில் கைத்துப்பாக்கியோடு வந்தவன் நான். விரிவாகவே எழுதுகிறேன்.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 1986இல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 926ஏ பிரிவைத்தான் அவர் சொல்கிறார். புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தால், இடையிலுள்ள மாநிலங்களின் சட்டம் எதுவானாலும் கடந்து போகலாம். உங்களுக்கு இரண்டு முனையும் சரியாக இருக்கின்றன. நியூஹாம்ப்ஷயரில் 2017 முதல் மறைத்து எடுத்துச் செல்லவும் உரிமம் தேவையில்லை.

துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் உட்காரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. காரில் டிக்கி தனியாக இருக்கும், கவலையில்லை. ஒடிசியில் பின்பக்கம் வரை ஒரே கூடம். இத்தகைய வண்டிக்குச் சட்டம் பூட்டிய பெட்டியைக் கேட்கிறது. டேஷ்போர்டு அறையும், முன்னிருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியும், பூட்டு இருந்தாலும் அந்தக் கணக்கில் சேரா. டெக்சாஸில் இருக்கைக்கு அருகில் வைத்துப் பழகிய கை, புறப்படும் அவசரத்தில் அங்கேயே வைத்துவிடும். புறப்படும் முந்தைய இரவே பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

நியூயார்க்கைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. துப்பாக்கி காலியாக இருந்தாலும், அதில் போட்டுச் சுடக்கூடிய தோட்டா அதே ஆளிடம் வேறு பையில் இருந்தால் போதும். அந்த மாநிலத் தண்டனைச் சட்டத்தின் பார்வையில் அது நிரப்பிய துப்பாக்கிதான். 926ஏ உங்களைக் காக்க வேண்டும், ஆனால் அது காக்கிறதா இல்லையா என்ற வாதம் பெரும்பாலும் கைதான பிறகுதான் நடக்கிறது. ஆகவே தோட்டாவைக் கொண்டுவரவே வேண்டாம். இருப்பதை அங்கேயே சுடுதளத்தில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். நாஷுவாவில் ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது மேகசின், அதாவது துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாக் கூடு. க்ளாக் 19 உடன் வருவது 15 தோட்டா பிடிக்கும். நீங்கள் கடைசியாகக் கடக்கும் மூன்று மாநிலங்களிலும் வரம்பு 10. அந்தக் கூட்டாட்சிப் பிரிவில் துப்பாக்கி, தோட்டா என்ற சொற்கள்தான் இருக்கின்றன. மேகசின் என்ற சொல்லே இல்லை. 15 பிடிப்பவற்றை டெக்சாஸிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். வடகிழக்கில் ஒரு மாநிலத்தில், இரவு ஒன்பது மணி வாக்கில், பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று நிறுத்தினார்கள். ஆயுதம் ஏதாவது உண்டா என்று கேட்டார் இளவயதுக் காவலர். பொய் சொல்லக் கூடாது என்று முன்பே தீர்மானித்திருந்தேன். கைகளை ஸ்டியரிங் மீது வைத்துக்கொண்டு, பின்பக்கம் பூட்டிய பெட்டியில் இருக்கிறது, காலியாக இருக்கிறது, சாவி என் மணிபர்ஸில் இருக்கிறது என்று சொன்னேன். அவருடைய டார்ச் வெளிச்சம் பின்பக்கக் கண்ணாடி வழியாக மெல்ல நகர்ந்தது. போர்வை மூட்டை, வெட் கிரைண்டர், அதன் குழவிக்கல்லைச் சுற்றிய பழைய வேட்டி, அதற்கும் அடியில் சாம்பல் நிறப் பெட்டி. மேலதிகாரி வர ஒரு மணி நேரம், அவர் தொலைபேசியில் பேச இன்னொரு மணி நேரம். என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. இருக்கை பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தூங்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 926ஏ பிரிவை அச்சிட்டு வைத்திருந்தேன். நாஷுவா வீட்டு வாடகை ஒப்பந்தமும் கையில் இருந்தது. மேலதிகாரி அந்த ஒப்பந்தத்தைத்தான் இரண்டு முறை படித்தார். பிறகு விட்டார்கள். ஒரு தோட்டா டேஷ்போர்டில் உருண்டிருந்தால் அன்று இரவு எங்கே போயிருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

வழியில் மேரிலாந்து 12 மைல்தான். கடைசி இரவை ஸ்க்ரான்டனில் கழியுங்கள். வேறு மாநிலத்து உரிம அட்டை உள்ளவர் வண்டியில் கொண்டுபோகப் பென்சில்வேனியா சட்டம் இடம் தருகிறது, எல்டிசி அட்டையை மறக்காதீர்கள். அங்கிருந்து நாஷுவா சுமார் 300 மைல். காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். நடுவில் நண்பர் வீடு, கோயில், சாப்பாடு என்று எங்கும் ஒதுங்காதீர்கள். கடந்து போகிறவருக்குத்தான் அந்தச் சட்டம்.

கோவில்பட்டிக்காரி எழுதியது:

மெரிமாக் கரை அண்ணா எழுதியது அத்தனையும் சரி. ஆனால் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி என்னைத் திடுக்கிட வைத்தது. 11 ஆண்டுகளாகக் குடிவரவு வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வழக்கறிஞர் அல்ல, கோப்புகளைத் தயாரிப்பவள்.

சகோதரரே, உங்கள் மைத்துனர் அந்த வண்டியில் ஏறக் கூடாது. ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். 922ஜி பிரிவு. இந்தத் தடை கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இல்லை. கையில் பிடித்திருந்தால்தான் உடைமை என்று நினைக்க வேண்டாம். தன் ஆளுகையில் இருக்கும் இடத்தில், தெரிந்தே இருந்தால் அதுவும் உடைமையாகலாம். நீங்கள் பெட்ரோல் நிலையத்தில் கழிவறைக்குப் போகிறீர்கள், அவர் ஓட்டுநர் இருக்கையில் வண்டிச் சாவியோடு உட்கார்ந்திருக்கிறார், பின்னால் உங்கள் பெட்டி. அந்த ஐந்து நிமிடத்தை அவர் யாருக்கு விளக்குவார்?

2022 முதல் இதற்கு உச்சத் தண்டனை 15 ஆண்டு. தண்டனை குறைந்தாலும், துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலுக்குத் தனிக் காரணம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. இந்தப் பயணத்துக்காக அதை எடுத்துக்கொண்டு வாதாட நினைக்காதீர்கள்.

இதை எழுதும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவில் வந்த பிள்ளைகள் வார இறுதியில் சுடுதளத்துக்குப் போய், வாடகைத் துப்பாக்கியைப் பிடித்தபடி படம் எடுத்துப் போடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. தங்களுக்கு எதிரான சாட்சியைத் தாங்களே பதிவேற்றுகிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பிளேனோ வாசி எழுதியது:

சகோதரி, மிக்க நன்றி. தம்பியிடம் நேற்று இரவே பேசிவிட்டேன். அவருக்கும் இது தெரியவில்லை. சிறிது நேரம் பேசாமலே இருந்தார். அவருக்கு விமான டிக்கெட் எடுக்கிறேன்.

இப்போது தனியாக 1,700 மைலுக்கு மேல் ஓட்ட வேண்டும். அதற்குப் பதில் துப்பாக்கியை நானே விமானத்தில் கொண்டுபோனால் என்ன?

எடிசன் குடித்தனக்காரர் எழுதியது:

போகலாம். தோட்டா நீக்கி, கடினமான பெட்டியில் பூட்டி, விமான நிறுவனக் கவுன்டரில் சொல்லிவிட்டுச் சரக்குப் பெட்டியோடு அனுப்ப வேண்டும். சாவி உங்களிடமே இருக்கும். கைப்பையில் மட்டும் மறந்தும் இருக்கக் கூடாது. 2024இல் மட்டும் விமான நிலையச் சோதனைகளில் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன.

ஆனால் பாஸ்டனில் இறங்காதீர்கள், அது மாசசூசெட்ஸ். நியூஹாம்ப்ஷயரிலேயே மான்செஸ்டரில் விமான நிலையம் இருக்கிறது. இடையில் விமானம் மாறும் ஊரையும் பாருங்கள். 2005இல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் சால்ட் லேக் சிட்டியிலிருந்து நியூஜெர்சியின் நூவர்க் வழியாகப் பென்சில்வேனியாவின் அலென்டவுனுக்குப் போனார். அடுத்த விமானம் தவறிவிட்டது. பெட்டிகளை எடுத்துக்கொண்டு நூவர்க்கில் ஒரு ஓட்டலில் தங்கினார். மறுநாள் காலை முறைப்படி கவுன்டரில் துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். கைது. சில நாள் சிறை. வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. அவர் நஷ்டஈடு கேட்டுப் போனபோது, 2010இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஓட்டலில் இருந்த நேரம் பெட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, ஆகவே 926ஏ பொருந்தாது என்றது. அவர் செய்த பிழை, உண்மையைச் சொன்னது அல்ல. பெட்டியைக் கையில் வாங்கியது.

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். அனுமதியில்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் இங்கே இரண்டாம் தரக் குற்றம், 5 முதல் 10 ஆண்டு வரை. விமானம் தாமதமாகி இங்கே மாட்டிக்கொண்டால் பெட்டியை வாங்காதீர்கள், மறுநாள் விமானத்திலேயே அனுப்பச் சொல்லுங்கள்.

மெரிமாக் கரை எழுதியது:

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயமாக இருந்தால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. டெக்சாஸில் உரிமம் பெற்ற கடைக்காரர் வழியாக நாஷுவாவில் உரிமம் பெற்ற கடைக்கு அனுப்பிவிடுங்கள். இங்கே முகவரிச் சான்று கிடைத்த பிறகு, பின்னணிச் சோதனைக்குப் படிவம் நிரப்பி வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் உண்டு, சில வாரம் ஆகும். ஆனால் தனியாக ஓட்டிவரும் ஆளுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பிளேனோ வாசி எழுதியது:

கடைக்காரரிடம் பேசினேன், அனுப்பித் தருகிறாராம். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மேகசின்கள் டெக்சாஸிலேயே நண்பரிடம் போய்விட்டன. அண்ணா, நாஷுவா வந்ததும் உங்களைப் பார்க்க வேண்டும்.