ஜே டில்லா நடையைத் தப்பட்டை சாம்பிளில் கொண்டுவருவது எப்படி?

வேலந்தாவளம்_பீட்ஸ்:
அண்ணன்மாரே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாரியம்மன் நோம்பிக்கு ஒரு தமிழ் ராப் பாட்டு தயாராகுது. தப்பட்டை அடிகளைத் தனித்தனியா ரெக்கார்டு பண்ணி 90 பிபிஎம்-ல (நிமிஷத்துக்கு 90 தட்டு) அடுக்கியிருக்கோம். அமெரிக்க ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லாவோட பீட் மாதிரி சாய்ஞ்சு நடக்கணும்னு, அடிகளைக் கட்டத்துல நேரா ஒட்டவைக்கிற குவாண்டைஸை எடுத்தா, தாளம் தெரியாதவங்க அடிச்ச மாதிரி கேக்குது. ஹியூமனைஸ் போட்டாலும் அதேதான். எங்க தப்புது?

சித்தூர்ப்புழை:
முதல்ல அந்த ஹியூமனைஸை அணைங்க தம்பி. அது ஒவ்வொரு அடியையும் கண்டபடி தள்ளும். டில்லா பீட்டுல ஒவ்வொரு சத்தத்துக்கும் நிலையான ஒரு இடம் உண்டு. ஆனா அந்த இடங்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது. அந்த உரசல்ல இருந்துதான் நடை பிறக்குது.

டில்லா வாசிச்சது அகாய் எம்பிசி 3000, பேட் தட்டி பீட் செய்யற சாம்பிளர் மெஷின். அதுல கால் நோட்டுக்கு, அதாவது ஒரு தட்டுக்கு, 96 டிக். 90 பிபிஎம்-ல ஒரு டிக் ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட். இப்படி ஆரம்பிச்சுப் பாருங்க: சிண்டுக்குச்சி (மெல்லிசு குச்சி) சத்தத்தை ஹை-ஹேட்டா வச்சு, கட்டத்துலயே நேரா நிறுத்துங்க. ஸ்னேரை 2 டிக் முன்னாடி, அதாவது 14 மில்லிசெகண்ட் முன்னாடி வைங்க. அடிக்குச்சி (தடிச்ச குச்சி) சத்தம்தான் கிக். பாரோட, அதாவது நாலு தட்டுச் சுத்தோட, முதல் கிக் நேரா இருக்கட்டும். மத்த கிக்குகளுக்கு மட்டும் 58 சதவீதம் ஸ்விங். அது ரெட்டைப்படை பதினாறாம் நோட்டுகளை 27 மில்லிசெகண்ட் பின்னாடி தள்ளும்.

எல்லாத்தையும் சேர்த்துப் பின்னாடி இழுத்தா ஒண்ணும் நடக்காது, மொத்தப் பாட்டும் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ரெண்டு பார் செஞ்சு அதை மாத்தாம லூப் ஓட்டுங்க. ஒவ்வொரு சுத்துலயும் அதே இடத்துல சாய்ஞ்சாதான் வேணும்னே வச்சதுன்னு காது ஏத்துக்கும்.

நல்லேப்பிள்ளி_சவுண்டு:
அதுக்கும் முன்னாடி சாம்பிளோட தலையைப் பாருங்க. அடி விழறதுக்கு முன்னாடி 15 மில்லிசெகண்ட் வெறும் இடம் கிடந்தா, மேல சொன்ன 14-ஐ அதுவே தின்னுடும். அலையை நல்லாப் பெருசாக்கி, முதல் ஏத்தத்துலயே வெட்டி, 1 மில்லிசெகண்ட் ஃபேட்-இன் கொடுங்க. இல்லேன்னா 'டிக்'னு கிளிக் கேக்கும். தப்பட்டையைத் தீயில காய்ச்சின உடனே எல்லா அடியையும் எடுத்துருங்க. தோல் தளர்ந்தா சுருதி இறங்கிடும், அப்புறம் எடுத்த அடி முன்னாடி எடுத்ததோட சேராது. பேட் தட்டும்போது புளூடூத் ஹெட்செட் வேண்டாம், வயர்தான்.

வேலந்தாவளம்_பீட்ஸ்:
ஸ்னேரை முன்னாடி வச்ச உடனே கிக் தானா சோம்பலாக் கேக்குது! மேடையில ஆளுங்க நேரடியா அடிச்சா இது வருமா?

எல்லைத்தாளம்:
வரும். டில்லாவோட பெரிய செல்வாக்கே அங்கதான் இருக்கு. மெஷின்ல பிறந்த இந்த நடையை டிரம்மர்கள் கையால வாசிக்கக் கத்துக்கிட்டாங்க. 2000-ல வந்த பாடகர் டி'ஏஞ்சலோவின் 'வூடூ' ஆல்பத்துல குவெஸ்ட்லவ் டிரம்ஸைக் கேளுங்க. ராபர்ட் கிளாஸ்பர், கிறிஸ் டேவ்னு ஜாஸ் பக்கமும் அது பரவிடுச்சு.

டில்லா டெட்ராய்ட்டின் கானன்ட் கார்டன்ஸ்ல வளர்ந்தவர், பிறப்பு 1974. எம்பிசி கத்துக்கொடுத்தது அதே ஊர் இசைக்கலைஞர் ஆம்ப் ஃபிட்லர். ஸ்லம் வில்லேஜ் குழுவுல தொடங்கி, டிடிபி என்ற ரத்த நோயும் லூபஸும் வாட்டின கடைசிக் காலம் வரைக்கும் வேலை செஞ்சார். அவரோட 'டோனட்ஸ்' ஆல்பம் 2006 பிப்ரவரி 7, அவரோட 32-வது பிறந்தநாள்ல வெளிவந்துச்சு. மூணே நாள்ல போயிட்டார். 31 துண்டுகள், பலதும் ரெண்டு நிமிஷம்கூடத் தாண்டாது; ஒவ்வொண்ணுலயும் சாம்பிளை எங்க வெட்டியிருக்கார்னு கவனிங்க, அதைவிடப் பெரிய பாடம் இல்லை. அவரோட எம்பிசி இப்ப வாஷிங்டன்ல, ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துல இருக்கு.

மேடைக்கு ரெண்டு தப்பட்டை வேணும். ஒருத்தர் சிண்டுக்குச்சியால மெட்ரோனோமோட நேரா ஓட்டணும், இன்னொருத்தர் கிக் பகுதியை மட்டும் இழுத்து அடிக்கணும். 70 பிபிஎம்-ல பழகிட்டு 90-க்கு ஏத்துங்க. ராப் பாடுறவங்க மானிட்டர்ல சிண்டுக்குச்சியைத் தூக்கிவிடுங்க. கிக்கைப் பிடிச்சுப் பாடினா நாலு பார்ல வேகம் இறங்கிடும்.