வார்டு செவிலியர்களுக்குத் தொற்று: உங்கள் யோசனை தேவை

வணக்கம். நான் வார்டு பொறுப்புச் செவிலியர். பத்து நாளில் எங்கள் குழுவில் நான்கு பேருக்குக் கொரோனா. நோயாளிகளிடம் போகும்போது எல்லோரும் என்95 முகக்கவசம் போடுகிறோம். 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை அது வடிகட்டும். ஆனால் முகத்தோடு பொருந்தாவிட்டால் ஓரத்தில் காற்று கசியும். நேற்று எங்கள் குழுவில் ஒரு இளைய செவிலியரின் கண்ணாடியில் மூச்சு ஆவி படர்ந்திருந்தது. பார்த்ததும் பகீரென்றது.

அப்புறம் ஓய்வறை. ஜன்னலே இல்லை. கவசத்தைக் கழற்றிவிட்டு ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். அங்கேதான் பரவுகிறது என்று என் மனதுக்குப் படுகிறது.

ஆள் குறைவான ஷிஃப்டில் முகக்கவசப் பொருத்தச் சோதனையை எப்படி நடத்துகிறீர்கள்? சாப்பாட்டு நேரத்தை எப்படிப் பிரித்தீர்கள்? கவச உடை கழற்றும்போது பக்கத்தில் நின்று கவனிக்க ஒருவரை வைக்க முடிந்ததா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நாளை இரவுப் பணிக்கு முன் தெரிந்தால் பெரிய உதவி.